பெருத்த இதயமெல்லாம் பழுதான இதயம் அல்ல



நாய்க்கு எக்ஸ்ரே எடுத்து, "இதயம் பெருசா இருக்கு" என்று சொன்னதும் வீட்டில் சோறு இறங்காமல் போகிறவர்கள் உண்டு. "ஓடுற நாய்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

இதயமும் ஒரு தசைதான். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் நாயின் இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வந்து சேர்கிறது. அதைக் கொள்ள இடது கீழறை விரிகிறது. விரிந்த அறையைச் சுருக்கச் சுவரும் தடிக்கிறது. ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தம் வெளியேறுவதால், ஓய்வில் இருக்கும்போது குறைவான துடிப்பே போதுமானதாகிறது.

மனிதர்களிடம் இதை 1899-லேயே சுவீடன் மருத்துவர் ஹென்ஷன் பனிச்சறுக்கு வீரர்களைப் பார்த்துச் சொன்னார். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பந்தயத்தில் நாய்கள் பனியில் வண்டி இழுத்துக்கொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வண்டி நாய்களை எக்கோ எடுத்துப் பார்த்து 1998-இல் வெளிவந்த ஆய்வு, சில மாதப் பயிற்சியிலேயே கீழறையின் அளவும் சுவரின் தடிமனும் கூடியதைக் காட்டியது.

பிறப்பும் ஒரு காரணம். கிரேஹவுண்டின் இதயம் உடல் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம், மற்ற பல நாய்களுக்கு 0.8 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பந்தயத்துக்கே போகாத கிரேஹவுண்டுக்கும் இதயம் பெரிதுதான்.

ஆனால் டோபர்மேன், கிரேட் டேன் போன்ற இனங்களில் அதிகம் காணப்படும் ஒரு நோயிலும் இதயம் பெருக்கிறது. அங்கே அறை விரிகிறது, தசையோ வலுவிழக்கிறது. ரத்தத்தைத் தள்ளத் தெம்பு இருக்காது. எக்ஸ்ரே நிழலில் இரண்டும் பெரிதாகத்தான் தெரியும். விடைத்தாளின் பருமனைப் பார்த்து எந்த வாத்தியாராவது மதிப்பெண் போடுவாரா? உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டாமா? அப்படிப் படித்துக் காட்டுவதுதான் எக்கோ. இதயம் எவ்வளவு பெரிது என்பதோடு, எப்படிச் சுருங்குகிறது என்பதையும் அது சொல்லும்.

ஆகவே, சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்ப்பவர்கள், நாய் என்ன இனம், தினமும் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் எக்கோ தேவையா என்று கேளுங்கள். இருமல், சீக்கிரம் களைத்துப்போவது, மயங்கி விழுவது, தூக்கத்திலும் வேகமாக மூச்சு வாங்குவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "ஓடுற நாய்" என்ற சமாதானம் வேண்டாம்.

இன்னொன்று. வாரமெல்லாம் சங்கிலியில் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைக்குக்குப் பின்னால் ஓடவிடுவது பயிற்சி ஆகாது, வதை. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கூட்டிய ஓட்டம்தான் இதயத்தை வளர்க்கும். வாயில்லா ஜீவன் "போதும்" என்று சொல்லாது. நாம்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு இதைப் பகிருங்கள்.