பாறைப் பெரணியும் பெயரின் பொறுப்பும்

பாறை வெடிப்புகளிலும் பழைய மதிற்சுவர்களிலும், பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேற்படாத பெரணி ஒன்று வளர்வதைக் கள ஊழியர் பலரும் கண்டிருப்பர். அதன் இலை சிறியதொரு பனையோலையை ஒத்தது. இரண்டிரண்டாகப் பிளந்து, குறுகிய கீற்றுகளாக விசிறிபோல் விரிந்திருக்கும். வறட்சியில் சுருண்டு உலர்ந்து, மழை கண்டதும் மீண்டும் பசுமையுறும். மயில்சிகை என வழங்கும் இதன் அறிவியற்பெயர் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா என்பதாகும்.

மயூரசிகை என்னும் பெயரோ இதற்கு மட்டும் உரியதன்று. அடியாண்டம் காடேட்டம் என்ற வேறொரு பெரணியையும், பூக்குஞ்சமுடைய கோழிக்கொண்டையையும் அப்பெயரால் அழைப்போர் உளர். இவை நாட்டு மருந்திலும் பயன்படுவன. ஆதலின் 'மயூரசிகை கிடைத்தது' என்று மட்டும் கள ஏட்டில் எழுதுவது, தெருவின் பெயரின்றி வீட்டு எண்ணை மட்டும் எழுதுவதை ஒக்கும். மருந்தில் ஒன்றிற்கு மற்றொன்று புகுந்துவிடும். ஓரிடத்தில் எச்செடி அருகி வருகிறது என்பதும் புலனாகாது.

"அறிவியற்பெயரும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது?" என வினவலாம். உண்மையே. சுவார்ட்சு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதனை ஆஸ்ப்ளீனியம் பேரினத்தில் வைத்தார். 1841இல் லிங்க் என்பார் ஆக்டினியாப்டெரிஸ் எனும் பேரினத்தில் சேர்த்தார். காரணம் இன்றி இம்மாற்றம் நிலைபெறவில்லை. ஆஸ்ப்ளீனியத்தில் சிதற்பைத் திரள்கள் நரம்பினை ஒட்டி நீண்டு, தமக்கென அமைந்த மெல்லிய சவ்வினால் மூடப்பட்டிருக்கும். மயில்சிகையிலும் திரள்கள் நீண்டவையே. ஆயினும் அவற்றை மூடுவது உட்புறம் மடிந்த இலைவிளிம்பேயாகும். இவ்வியல்பு டெரிடேசி குடும்பத்தில் பரவலாகக் காணப்படுவது. பிற்கால மரபணு ஆய்வுகளும் இதனை அக்குடும்பத்திலேயே, ஓனிகியத்திற்கு அண்மையில் வைக்கின்றன. பெயர் மாறியது குழப்பத்தால் அன்று. சான்று தெளிவுற்றதால் என்பதே இதனால் விளங்கும்.

ஆகவே ஆசிரியர்கள் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதற்கு முன்னர், மாணவர் கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்து, இலையின் அடிப்புறத்தைக் காணச் செய்தல் வேண்டும். கள ஊழியர்கள் செடியை வேரோடு பறித்தல் வேண்டா. பாறை இடுக்கில் திரளும் மண் ஒரு பிடியே. அதனை இழந்தால் அவ்விடத்தில் மறுசெடி எளிதில் வேரூன்றாது. சிதல் முதிர்ந்த இலை ஒன்றிரண்டே போதும். அவற்றுடன் இடம், நாள், பாறையின் தன்மை, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் குறித்தல் நன்று. ஊர்ப்பெயரை விலக்க வேண்டுவதில்லை. அதற்குத் துணையாக ஓர் இலையையும் சேர்த்து வைப்பதே நம் கடமை.