மைக்கூட்டின் காவலன்

நாளைக் காலை ஒப்படையைக் கையளிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அச்சுப்பொறியை இயக்கினால், 'மைக்கூட்டை மாற்றுக' என்று அறிவித்துவிட்டு அது வாளாவிருக்கின்றது. மை முற்றாக வற்றியதாகத் தோன்றவில்லை. இத்தகைய அநுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. மை தீர்ந்ததென்று தீர்மானிப்பவர் யார்?

கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைக்கூட்டின் ஓரத்தில் சிறிய சில்லு ஒன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. அதற்கு இரு தொழில்கள் உள. முதலாவது, கணக்கு வைத்தல். பல பொறிகள் மையை நேரே அளப்பதில்லை. தெளித்த துளிகளை எண்ணி, எஞ்சியது இவ்வளவென மதிப்பிட்டு, அதனைச் சில்லிற் பதிகின்றன. ஆகவே, நாம் மீண்டும் மை நிரப்பினாலும் சில்லின் கணக்கில் அது வெறுங்கூடே. இரண்டாவது, வாயில் காத்தல். பொறி இரகசியக் கேள்வியொன்றைக் கேட்கும். சில்லு ஏற்ற விடை கூறினாலன்றி அச்சு நடவாது. வேற்று நிறுவனத்தாரின் மலிவான கூடு இவ்வாறு தடுக்கப்படுகின்றது.

அவ்வாறாயின், விலைகொடுத்து வாங்கிய பொருள் யாருக்கு உரியது? அமெரிக்க நீதிமன்றங்கள் இவ்வினாவை ஆராய்ந்துள்ளன. மாற்றுச் சில்லு செய்த நிறுவனமொன்றின்மீது லெக்ஸ்மார்க் நிறுவனம் 2002இல் வழக்குத் தொடுத்து, தன் சில்லிலிருந்த மிகச் சிறிய நிரலுக்குப் பதிப்புரிமை கோரியது. அந்நிரல் 55 பைற்றுகளுக்கு மேற்பட்டதன்று. கீழ்நீதிமன்றம் விதித்த தடையை 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. பின்னர், கூடுகளை மீள நிரப்பி விற்றவர்மீது அதே நிறுவனம் தொடுத்த வேறொரு வழக்கில், ஒரு பொருளை விற்றதோடு அதன்மீது விற்றவருக்குள்ள ஆக்கவுரிமை தீர்ந்துவிடுகின்றது என 2017 மே 30இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும், தீர்ப்பினால் உரிமை கிடைத்ததேயன்றிப் பூட்டுத் திறக்கவில்லை. இணையத்தின் வழியே வரும் புதிய நிரல், நேற்றுவரை ஏற்ற கூட்டை இன்று மறுக்கவுங் கூடும். 2016 செப்டெம்பரில் எச்.பி. பொறிகள் சில அவ்வாறே வேற்றுக் கூடுகளை மறுத்தன.

பொறியை மலிவாகத் தந்து மையில் இலாபம் காண்பது வணிகரின் கணக்கு. நாமும் வாங்குமுன் ஒரு கணக்குப் பார்த்தல் நன்று. கூட்டின் விலை யாது, அது எத்தனை பக்கங்களுக்குப் போதும், பிறர் செய்த கூட்டையும் பொறி ஏற்குமா என்று கடையிற் கேட்டறிக. தொட்டியில் மை ஊற்றிப் பயன்படுத்தும் பொறிகளும் உள. அவற்றின் விலை சற்று அதிகமாயினும், நிறைய அச்சிடும் மாணவர் உள்ள வீட்டுக்கு அதுவே சிக்கனமாகலாம்.