நினைவாற்றலுக்குமா பிரத்தியேக வகுப்பு?

தேர்வு என்னும் சொல் காதில் விழுந்ததும் நம்மவர்க்கு ஒருவகைக் காய்ச்சல் வந்துவிடுகிறது. மாதிரி வினாத்தாள் எங்கே கிடைக்கும், சென்றமுறை என்ன கேட்டார்கள், எத்தனை புள்ளி எடுத்தால் தப்பலாம் என்று வீடே அலைகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, காய்ச்சல் போகவில்லை. பேரப்பிள்ளைகளை விட்டு நீங்கிய அது, இப்போது பாட்டிமாரைப் பற்றியிருக்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டா.

நினைவு தடுமாறும் முதியோரின் அறிதிறனையும் நினைவாற்றலையும் காணொளி வழியே மதிப்பிடும் முறை, 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய காலத்திற்குப் பிறகு நமக்குப் பழகிய செய்தியாகிவிட்டது. திரையின் அப்பக்கம் மருத்துவரோ உளவியலாளரோ அமர்ந்திருப்பார். இப்பக்கம் வீட்டுக் கூடத்தில் நம் தாத்தாவோ பாட்டியோ. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்பார்கள். சில சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். கடிகாரம் ஒன்றை வரைந்து, தாளைத் திரைக்கு நேரே பிடிக்கச் சொல்வார்கள். இதற்கு நாள் குறித்தாயிற்று என்றவுடன் என்ன நடக்கிறது? மகன் இணையத்தில் வினாக்களைத் தேடி எடுக்கிறான். மருமகள் காலையும் மாலையும் தேதியை ஒப்பிக்க வைக்கிறாள். பேத்தி கடிகாரம் வரையக் கற்பிக்கிறாள். இத்திருப்பணியில் முன்வரிசையில் நிற்பவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தாம். மனனம் செய்விப்பதில் நம்மை விஞ்சியவர் யார்?

பிறரைக் குற்றஞ்சாட்டும் உரிமை எனக்கு இல்லை. 2022இல் என் தாயாருக்கு இத்தகைய மதிப்பீடு ஒன்று காணொளியில் நடந்தது. ஒரு வாரம் முன்பே நான் வினாத்தாளைத் தேடிப் பிடித்தேன். முப்பது ஆண்டு வகுப்பறைப் பழக்கத்தோடு அவரை எதிரே உட்கார வைத்து, ஐந்து சொற்களையும் அவர் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி செய்தேன். அன்று அதே சொற்கள்தாம் வந்தன. ஐந்தையும் அவர் தடையின்றிச் சொன்னபோது, திரைக்கு அப்பால் நின்று நான் மகிழ்ந்தேன். புள்ளி நன்றாக வந்தது. "வயதிற்கேற்ற மறதிதான்" என்று முடிவு சொல்லப்பட்டது. அந்த முடிவை நம்பி, மாத்திரைகளை அவர் கையிலேயே விட்டுவைத்தோம். ஏழு மாதம் கழித்து, நீரிழிவு மாத்திரையை உண்டதை மறந்து மீண்டும் உண்டு, சர்க்கரை தாழ்ந்து, சமையலறையில் மயங்கிக் கிடந்தார். மருத்துவர் தவறவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது என் தாயாரின் நினைவன்று, என் போதனாமுறை.

இந்த மதிப்பீடு எதை அளக்கிறது என்பதை நாம் உணர்ந்திருந்தால் இவ்வாறு செய்யமாட்டோம். ஒருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது இங்கே கேள்வியன்று. இப்போது புதிதாகக் கேட்டதைச் சில நிமிடமேனும் உள்ளத்தில் தாங்கி நிற்க முடிகிறதா என்பதே அந்தச் சொற்களின் வேலை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் அரிப்பது இந்த ஆற்றலைத்தான். பழைய நினைவு நெடுநாள் நிற்கும். என் தாயார் தம் பதினைந்தாம் வயதில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கங்காணியின் குரலை இன்றும் நடித்துக் காட்டுவார். காலையில் பசியாறினாரா என்பது தெரியாது. "அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்கிறாரே, மறதி எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் உறவினர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். சொற்களை முன்கூட்டியே நூறுமுறை ஊட்டிவிட்டால் அவை புதிய சொற்களாக இரா. பிறகு அங்கே நடப்பது மதிப்பீடு அன்று, ஒப்புவித்தல் போட்டி. அச்சொற்கள் யாவை என்று இக்கட்டுரையில் எழுதாமல் விடுவதும் இதனால்தான்.

இதில் தோல்வி, தேர்ச்சி என்பதே இல்லை. குறைந்த புள்ளி ஒரு தீர்ப்பும் அன்று. தைராய்டுச் சுரப்பிக் கோளாறு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, செவிக்குறை, தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்கு வாங்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் நினைவை மங்கச் செய்யும். இவற்றுள் பல திருத்தக்கூடியவை. குறைந்த புள்ளி வந்தால்தானே இரத்தப் பரிசோதனையும் பிறவும் நடக்கும்? பொய்யாக உயர்த்திய புள்ளி, திறந்திருக்க வேண்டிய அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. ஊரார் பைத்தியம் என்பார்கள் என்ற அச்சம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று கண்டது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். நம் கோவில் அன்னதானப் பந்தியில் ஒரு வரிசையில் அமர்வோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டார் செய்யும் அநீதி இது. மொழியால் நேரும் அநீதி மற்றொன்று. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை பேசியவனாவேன்.

1975இல் அமெரிக்காவில் வெளிவந்த சிறு மனநிலைத் தேர்வும், கனடாவின் மொன்றியால் நகரில் உருவாகி 2005இல் வெளிவந்த மோக்கா என்னும் மதிப்பீடும் உலகெங்கும் வழங்குவன. இரண்டிலும் முழுப்புள்ளி 30. மோக்காவில் 26க்கும் மேலும் பெற்றால் இயல்பு என்று வகுத்தார்கள். பள்ளிப் படிப்பு பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்படாதவர்க்கு ஒரு புள்ளி சேர்த்துக் கொடுப்பார்கள். நடுநிலையோடு சிந்தியுங்கள். பன்னிரண்டு ஆண்டு படித்தவருக்கும் ஒரு புள்ளி. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போன பெண்ணுக்கும் அதே ஒரு புள்ளி! குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல் என்றால், எழுத்தே அறியாதவர் எங்கே போவார்? கனசதுரத்தைப் பார்த்து வரை என்றால், பென்சில் பிடிக்காத கை என்ன செய்யும்? உளி பிடித்த கை அது. பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் காயப்படாது என்று இருட்டிலே அறிந்த கை. அந்த அறிவுக்கு அத்தாளில் கட்டம் இல்லை.

இக்குறையை அறிஞர்களே உணர்ந்திருக்கிறார்கள். குறைந்த கல்வி பெற்றோர்க்கென்றே மோக்காவில் அடிப்படை வடிவம் ஒன்று இருக்கிறது. வட இந்தியாவில், அரியானாவின் பல்லப்கர் வட்டாரத்துக் கிராம மக்களுக்காக எழுத்தறிவு வேண்டாத இந்தி வடிவம் ஒன்று 1990களில் உருவாயிற்று. சிங்கப்பூரில் குவா ஈ ஹியோக் உள்ளிட்டோர் 1992இல் வெளியிட்ட முதியோர் வினாநிரல் பத்தே வினாக்களைக் கொண்டது. ஆகவே கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்றைத்தான் நாம் கேட்காமல் இருக்கிறோம்.

"அம்மாவுக்குத்தான் மலாய் தெரியுமே" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எந்த மலாய்? மீன் விலை பேசும் மலாய்! சந்தையில் பேரம் பேசுவதற்கும், இரு பொருள்களுக்குள்ள ஒற்றுமையைக் கருத்தால் பிரித்துரைப்பதற்கும் ஒரே மொழியளவு போதுமா? வேற்றுமொழியில் வினாவைக் கேட்டு, மனத்துள் தமிழாக்கி, விடையை மீண்டும் பெயர்த்துச் சொல்வதற்குள் நிமிடம் கழிந்துவிடுகிறது. அந்தத் தாமதம் நோயின் கணக்கில் எழுதப்படுகிறது. தாய்மொழிக் கல்வியின் சிறப்பை மேடைதோறும் முழங்கும் நாம், தாயின் மூளையைத் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்கக் கூசுவது என்ன நியாயம்?

ஆயத்தம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், மிகவும் வேண்டும். ஒத்திகை வேறு, ஆயத்தம் வேறு. தேர்வு மண்டபத்தில் மேசையை ஒழுங்குபடுத்துவது ஆசிரியரின் கடமை. விடையைச் சொல்வது குற்றம். அந்த வேறுபாடு நமக்கா தெரியாது?

நாள் குறிக்கும்போதே, அவருக்கு நன்கு வரும் மொழி தமிழ் என்றும், இத்தனை ஆண்டுதான் பள்ளி சென்றார் என்றும் சொல்லிவிட வேண்டும். தமிழறிந்தவர் அங்கே இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் அன்பு குறுக்கிடும். "நெனப்பில்லையே" என்று தாய் முனகுவதை, "யோசித்துக்கொண்டிருக்கிறார்" என்று பெயர்க்காத மகன் அரியன். அவருக்குத் தெளிவு மிகுந்த வேளை காலையானால் காலையையே கேட்டுப் பெற வேண்டும். முதல்நாள் இரவு நல்ல உறக்கம் வேண்டும்; நேரத்திற்குப் பசியாறியிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வையுங்கள். காது கேட்கும் கருவியின் மின்கலத்தைச் சரிபாருங்கள். செவியில் விழாத சொல்லை எந்த நினைவும் காக்காது. காணொளியில் இணையம் அரைநொடி தடுமாறினாலே ஒரு சொல் தொலைந்துவிடும். அவ்வாறு தொலைந்தால் உடனே, நாணாமல், ஒலி அறுந்தது என்று சொல்லுங்கள். கைப்பேசித் திரை போதாது. மடிக்கணினியை மேசைமேல் அசையாமல் வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி அமர்த்துங்கள். தொலைக்காட்சி வேண்டா. முருகன் படம் போட்ட நாள்காட்டி சுவரில் தொங்குமே, அதையும் கடிகாரத்தையும் அந்த ஒரு மணி நேரத்திற்குக் கழற்றிவிடுங்கள். வெள்ளைத்தாள் இரண்டு, பேனா ஒன்று. உண்ணும் மருந்துகள் யாவும், நாட்டு மருந்தும் கடையில் வாங்கிய இருமல் மருந்தும் உட்பட, ஒரு பையில் பக்கத்தில் இருக்கட்டும். கருவியை இயக்க ஒருவர் உடனிருக்கலாம். வாய் திறக்கலாகாது, கண்ணாலும் சாடை காட்டலாகாது.

எல்லாவற்றையும்விடப் பயன்தருவது ஒன்று உண்டு. நம்மவர் அதைத்தான் செய்வதில்லை. ஓராண்டாக வீட்டில் கண்ட மாற்றங்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் தாருங்கள். எப்போது தொடங்கியது, அடுப்பை அணைக்க மறந்தது எத்தனை முறை, பழகிய கடைக்குப் போய் வழி தவறினாரா, சில்லறை எண்ணுவதில் தடுமாற்றம் உண்டா என நாளும் நிகழ்ச்சியுமாக எழுதுங்கள். அந்த அரைப்பக்கம் மருத்துவருக்கு முப்பது புள்ளித் தாளுக்குக் குறையாத சான்று. முதியவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். "இது பரீட்சை இல்லம்மா, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்" என்றால் போதும்.

மாணவர்களே, பெரும்பாலான வீடுகளில் அந்தக் கருவியை இயக்கப் போகிறவர்கள் நீங்கள்தாம். பாட்டி தடுமாறும்போது உதடசைத்து விடையூட்டத் தோன்றும். செய்யாதீர்கள். அவர் தடுமாறும் இடத்தைக் காணத்தான் மருத்துவர் வந்திருக்கிறார்.

2023இல் என் தாயாருக்கு மறுமதிப்பீடு நடந்தது. இம்முறை தமிழறிந்த ஒருவரைக் கேட்டு, மூன்று வாரம் காத்திருந்து பெற்றோம். சொற்களும் வேறு. நான் அடுத்த அறையில் இருந்தேன். இது எந்த ஊர் என்று கேட்டதற்கு, வீடமைப்புத் திட்டமாகி இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்ட எங்கள் பழைய தோட்டத்தின் பெயரைச் சொன்னார். ஐந்து சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. "தெரியலை ஐயா" என்று அமைதியாகச் சொன்னார். அந்த மாதமே இரத்தப் பரிசோதனையும் மூளைப்படமும் எடுக்கப்பட்டன. இப்போது மாத்திரைப் பெட்டி என் மனைவியிடம் இருக்கிறது.