தண்ணீர்க் கை

மழைக் காலத்தில் கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் வழியாக நடந்து போகிறவர், கடைத் திண்ணைகளிலும் மாடிக் கைப்பிடிச் சுவர்களிலும் வரிசையாக வைத்திருக்கும் தொட்டிச் செடிகளைச் சற்று நின்று கவனிப்பாரானால், வானம் இடைவிடாது பொழிந்துகொண்டிருக்கும்போதே அவற்றில் பல, தாகத்தால் தவிப்பவை போலத் தலை தொங்கி நிற்பதையும், அவற்றை வளர்ப்பவர்கள் காருண்யம் மேலிட்டு உள்ளிருந்து இன்னும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வேரில் ஊற்றுவதையும் காண்பார். இந்த ஊரில் வீட்டுச் செடிகள் பெரும்பாலும் பராமரிப்பு இல்லாமல் சாவதில்லை. அளவு மீறிய பராமரிப்பினாலேயே சாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டிலிருந்து தொழிலுக்காகவும் வியாபாரத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து குடியேறியிருக்கும் நம்மவர்களிடம் இந்தத் தண்ணீர்க் கை சற்று அதிகமாகவே உண்டு. ஆண்டுக்கு 800 மி.மீ. அளவில் மழை காணும் இராமநாதபுரத்துச் சீமையில், வாடிய செடியைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தர்மம் மாத்திரமல்ல, புத்திசாலித்தனமும் கூட. ஆனால் ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை கொட்டும் கொச்சியில், சுவரில் பாசி படர்ந்து, உலர்த்திய துணி மூன்றாம் நாளும் ஈரம் மாறாமல் கிடக்கும் ஜூலை மாதத்தில், அதே பழக்கத்தை விடாமல் கைக்கொள்வது செடிக்கு உபகாரமாகுமா?

வேருக்கும் சுவாசம் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு துவாரங்களில் காற்று இருக்கும் வரையில் வேர் பிராணவாயுவை உட்கொண்டு, அதனால் கிடைக்கும் சக்தியைக் கொண்டு உயிரோடிருந்து நீரை உறிஞ்சுகிறது. அந்தத் துவாரங்கள் முழுவதும் நீரால் நிரம்பிவிட்டாலோ, காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பிராணவாயு நீரில் பரவுமாகையால், வேர் மூச்சு முட்டி, செயலிழந்து, அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே இலைகள் தாகத்தால் துவளுகின்றன. வறட்சியில் வாடிய செடிக்கும் வெள்ளத்தில் வாடிய செடிக்கும் முகத்தில் தெரியும் குறி ஒன்றே.

எனவே இலையைப் பார்த்து மருந்து கொடுக்கலாகாது. அதிகாலையில் பார்க்க வேண்டும். நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்கு வியாதி ஒன்றும் இல்லை. விடியற்காலையிலும் துவண்டிருந்தால், ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி எடையைப் பாருங்கள். மண் ஈரமாக, தொட்டி கனமாக, ஒரு புளித்த வாடையும் வருமானால், தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். நல்ல வேர் வெளுத்து, கிள்ளினால் முறிகிற திடத்தோடு இருக்கும். கெட்டுப்போன வேரை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்தால், மேல்தோல் வழவழவென்று கழன்று கையோடு வந்துவிட, உள்ளே தையல் நூல் போன்ற நரம்பு மாத்திரம் மிஞ்சும்.

அழுகிய பாகங்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, வேர் குறைந்த அளவுக்கு இலைகளையும் சில குறைத்து, செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்த புது மண்ணில், அடியில் துவாரம் உள்ள தொட்டியில் நட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் போதும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர்கள் அதன் உப்பு நீங்கப் பலமுறை அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். உரம் வேண்டவே வேண்டாம். புதுத் தளிர் விடும் வரையில் அது நோயாளிக்கு விருந்து வைப்பதாகும்.

மணி பிளான்ட் பாட்டில் தண்ணீரிலேயே செழிக்கிறதே என்று கேட்பார்கள். நீரில் முளைத்த வேர் நீருக்கேற்றபடி தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு பிறந்தது. மண்ணில் வளர்ந்த வேரைத் திடீரென்று மூழ்கடிப்பது வேறு விஷயம்.

எனக்கு வியப்பெல்லாம் இந்த அறியாமை மட்டாஞ்சேரியில் நிலவுவதைப் பற்றித்தான். 1957 முதல் மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடத்திய சங்கம் இருக்கும் தெரு இது. மிளகுக் கொடியைக் கொல்லும் துரித வாட்டம் இங்குள்ள பழைய வியாபாரிகளுக்கு விலைவாசியோடு சேர்த்துத் தெரிந்த சங்கதி. பின்னாளில் கோயம்புத்தூர்க் கரும்பினால் புகழ்பெற்ற பார்பர் துரை, சென்னை அரசாங்கத்தின் தாவர நிபுணராக இருந்த காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வயநாட்டு மிளகின் வியாதியை ஆராய்ந்திருக்கிறார். துரித வாட்டத்துக்குக் காரணமான ஃபைட்டோஃப்தோரா என்னும் சூக்ஷ்ம ஜீவி, மண்ணில் தேங்கிய நீரில் நீந்திச் சென்றே வேரைப் பற்றுகிறது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இதன் உறவுதான். நீர் தேங்காத இடத்தில் அதற்கு அதிக வேலை இல்லை.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பிரசாரம் செய்துவரும் புதர் மிளகு, ஏறு கொடியிலிருந்து அல்லாமல் காய்க்கும் பக்கக் கிளையிலிருந்து வேர்விடச் செய்து தொட்டியிலேயே வளர்ப்பது. மாடிப்படி ஓரத்தில் வைத்துக்கொண்டு ரசத்துக்கு வேண்டிய பச்சை மிளகைப் பறித்துக்கொள்ளலாம். இதற்கும் துரித வாட்டம் வரும். இலையில் நார் பிரிந்தாற்போன்ற ஓரமுள்ள கரும்புள்ளிகள் தோன்றினால் சிகிச்சைக்குச் சமயம் இருக்கிறது. தண்டின் அடிப்பாகம் கறுத்து அழுகிவிட்டால் இல்லை. அப்போது செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துவதே உசிதம். அதிலிருந்து பதியன் எடுக்கும் ஆசை வியாதியை அடுத்த தொட்டிக்கு அழைத்துப் போகும்.

வருமுன் காப்பதற்கு மழைக்கு முன்னால் ஒருமுறை போர்டோ கலவை தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிராம் மயில்துத்தம், பத்துக் கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே பாதிப் பாதி நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். ஓர் இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் முக்கி எடுத்து, செந்நிறம் படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைய கலவையை அன்றே உபயோகித்துவிட வேண்டும்.

பிரேசிலியன் திப்பலியின் மேல் ஒட்டுக் கட்டிய மிளகுச் செடிகளும் கேரளத்தில் கிடைக்கின்றன. அந்தத் திப்பலி சதுப்பில் வாழப் பிறந்ததாகையால் மழைக்கும் துரித வாட்டத்துக்கும் அஞ்சாது. ஆனால் கோடையில் ஒரு நாள் நீர் தவறினாலும் வாடிவிடும். ஆகவே, "எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது?" என்று பொதுவாகக் கேட்பவருக்கு யோக்கியமான பதில் எதுவும் இல்லை. நாட்கணக்கு வைத்து ஊற்றுவதைவிட விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுவதே சரி. கோடையில் நன்றாக ஊற்றுங்கள். ஆனால் கடலுக்கும் காயலுக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் உப்புக் கரிக்கும் கிணற்று நீரை ஊற்றி, இலை நுனிகள் கருகிய பின் வெயிலைப் பழிக்காதீர்கள்.

இவ்வளவையும் செடி விற்கிறவர்கள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அடியில் துவாரமே இல்லாத பளபளப்பான பீங்கான் தொட்டியில் செடியை வைத்து, அலங்காரப் பொருளாக விற்பது என்னைப் பொறுத்த வரையில் வியாபார நாணயம் ஆகாது. கேரளத்தில் 1987 முதல் கிருஷி பவன்கள் இயங்கி வருகின்றன. வயல் இல்லாத நகரவாசியும் அங்கே போய்ச் செடியைக் காட்டி யோசனை கேட்கலாம். கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அதுவரையில், ஜூன் மாதம் பிறந்ததும் தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளை எடுத்து அலம்பிக் கவிழ்த்து வையுங்கள். மழை ஓயும் வரையில் அவற்றுக்கு வேலை இல்லை.