லாரியை நிறுத்தும் சென்சார்... கோளாறைப் படிக்கும் உரிமை யாருக்கு?

என்ஜின் நல்லாத்தான் இருக்கு. டயர், பிரேக் எல்லாம் ஓகே. ஆனாலும் லோடு ஏற்றிய லாரி மணிக்கு 20 கி.மீ. வேகத்தைத் தாண்ட மறுக்கிறது. காரணம், புகைக்குழாயில் இருக்கும் ஒரு சென்சார். இன்றைய பிஎஸ்-6 லாரிகளில் இப்படியும் நடக்கலாம். ஏன்?

லாரிக்குள் என்ன நெட்வொர்க்?

என்ஜின், கியர், ஏபிஎஸ் பிரேக், டேஷ்போர்டு, புகை சுத்திகரிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் உண்டு. இதைத்தான் இசியு என்கிறார்கள். இவை எல்லாம் முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ தொழில்நுட்பம் இது. கனரக வண்டிகளில் இதன் மேல் ‘ஜே1939’ என்ற பொது ஸ்டாண்டர்டு ஓடுகிறது. ஒரு வாட்ஸ்அப் குரூப் மாதிரி: ஒருத்தர் போடும் மெசேஜை எல்லோரும் பார்க்கலாம், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார்.

பிஎஸ்-6 எதை மாற்றியது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 அமலானது. கனரக டீசல் என்ஜின் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு, ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாகக் குறைந்தது. இதற்காகத்தான் புகையில் யூரியா கரைசல் தெளிக்கப்படுகிறது. 32.5% யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். எவ்வளவு தெளிக்கணும், வேலை நடந்ததா என்று கண்காணிப்பது நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள்.

கரைசல் தீர்ந்தாலோ, கண்காணிப்பு செயலிழந்தாலோ வண்டி முதலில் எச்சரிக்கும். பிஎஸ்-6 பின்பற்றும் யூரோ 6 விதிகளின்படி, அடுத்து இழுவைத் திறன் 25% குறையும். கடைசிக் கட்டத்தில் வேகம் 20 கி.மீ.க்கு இறங்கிவிடும். யாரும் சுத்திகரிப்பை அணைத்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதற்காகவே இந்தக் கெடுபிடி.

சரி, இதுல என்ன சிக்கல்?

விளக்கு எரிவது தெரியும். ஏன் எரிகிறது என்பது கோடைப் படித்தால்தான் தெரியும். உதாரணமாக, ஜே1939-ல் எஸ்பிஎன் 100 என்றால் என்ஜின் ஆயில் பிரஷர். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் பிரஷர் நிஜமாகவே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. உடனே என்ஜினை நிறுத்தணும். எஃப்எம்ஐ 4 வந்தால் சென்சாரிலோ ஒயரிலோ வோல்டேஜ் குறைவு. ஆயில் சரியாகவே இருக்கலாம். ஒன்று என்ஜினையே காலி செய்யும், மற்றது ஒயர் வேலையோடு முடியலாம். வித்தியாசம் ஒரே ஒரு எண்.

ஸ்டாண்டர்டு பொதுவானதுதான். ஆனால் நிறுவனங்கள் தங்களுக்கென ரகசிய மெசேஜ்களை வைத்துக்கொள்ளவும் அதிலேயே இடம் இருக்கிறது. கேன் ஒயர் அறுந்ததா என்று லோக்கல் மெக்கானிக் சாதாரண மல்டிமீட்டரிலேயே பார்த்துவிடலாம். பவரை அணைத்துவிட்டு அளந்தால் சுமார் 60 ஓம் காட்டணும். 120 காட்டினால் ஒரு முனையின் டெர்மினேட்டர் துண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் புது மாடியூலை மாட்டி வண்டியோடு சேர்க்கவோ, சில லாக்குகளை நீக்கவோ கம்பெனி சாஃப்ட்வேர் தேவைப்படலாம். நாமக்கல், சங்ககிரியில் ஒரே ஒரு லாரியை வைத்துத் தவணை கட்டும் உரிமையாளருக்கு, சர்வீஸ் சென்டர் வாசலில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

ஏமாற்றும் கருவி தீர்வா?

இல்லை. ‘எல்லாம் சரி’ என்று நெட்வொர்க்கில் பொய் மெசேஜ் அனுப்பும் எமுலேட்டர்கள் உண்டு. மாட்டினால் விளக்கு அணையும், புகை அப்படியே ஊருக்குள் வரும். விதிப்படி இது குற்றம். அதேசமயம், நேர்மையாக ரிப்பேர் செய்யும் வழி குறுகக் குறுக இந்தக் குறுக்கு வழிக்குத்தான் ஆள் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உதிரிபாகங்களையும் டயக்னோஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. ஆனால் அது தகவல் தரும் தளம் மட்டுமே, யாரையும் கட்டாயப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2020 செப்டம்பர் முதல் அமலில் உள்ள விதிப்படி, லாரி நிறுவனங்களும் ரிப்பேர் தகவல்களை நியாயமான கட்டணத்துக்கு வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தந்தாக வேண்டும்.

இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் வரும்வரை, வண்டி புக் செய்யும் முன் டீலரிடம் மூன்று கேள்வி கேட்பது நல்லது: பொது ஸ்கேனரில் எந்தெந்த கோடு தெரியும்? சென்சார் மாற்றினால் யார் புரோகிராம் செய்யணும்? அந்த வசதி நம்ம ரூட்டில் எங்கெங்கே இருக்கு?