கத்தரிக்காய் அழுகலுக்கு "ஒரே மருந்து" தேடுகிறவர்களுக்கு



ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே செய்தி சுற்றுகிறது: "நாட்டு விதை போட்டால் கத்தரிக்காய் அழுகவே அழுகாது. அழுகினாலும் இந்த ஒரு மருந்து போதும்." மேடவாக்கத்திலிருந்து ஒருவர் அனுப்ப, செம்பாக்கத்தில் நாலு பேர் கைதட்டுகிறார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள். அதனால்தான் இந்தக் கோபம்.

முதலில், எந்த அழுகல்? காயில் வெளிர் பழுப்பாகக் குழி விழுந்து, மெத்தென்று பரவி, அதன்மேல் வளையம் வளையமாகக் கருப்புப் புள்ளிகள் வந்தால் அது ஃபோமாப்சிஸ் வெக்சான்ஸ் என்ற பூஞ்சையின் வேலை. (ஓட்டையும் உள்ளே புழுவும் இருந்தால் அது காய்த்துளைப்பான். 2010இல் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரி அந்தப் புழுவுக்காக உருவாக்கியது. "அது வந்திருந்தால் அழுகலே இருந்திருக்காது" என்று எழுதிய அக்கா மகன் கவனிக்க.) அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் வித்துகள் நிறைந்த ஒரு பை. ஈரம் பட்டால் வித்துகள் கசிந்து வரும், மழைத்துளியோடு தெறித்து அடுத்த செடிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் தாம்பரத்தில் கேட்கவா வேண்டும்! இலைப்புள்ளி, தண்டுக் கருகல், காய் அழுகல் மூன்றுக்கும் இதே பூஞ்சைதான் காரணம் என்று அமெரிக்காவில் ஹார்ட்டர் 1914இலேயே எழுதிவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று நினைக்காதீர்கள். வெவ்வேறு ஊர் வயல்களிலிருந்து இந்தப் பூஞ்சையை எடுத்து, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகர் தட்டில் நம் நாட்டு ஆய்வாளர்கள் பலமுறை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று பஞ்சு போல வெள்ளையாக வளர்கிறது, இன்னொன்று சாம்பல் நிறமாகப் படர்கிறது. ஒன்றுக்கு வேகம் அதிகம், ஒன்றுக்குக் குறைவு. வித்தின் அளவிலும் வித்தியாசம். நமக்கு முக்கியமானது வேறு: ஒரே ரகக் காயில் சில வகை சீக்கிரம் அழுகலை உண்டாக்குகிறது, சில வகை மெதுவாக. ஆகவே டெல்லியில் தாக்குப்பிடித்த பூசா பைரவ் சேலையூர் மாடியிலும் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மருந்தும் அப்படியே. கார்பன்டாசிம் பூஞ்சையின் ஒரே இடத்தைத்தான் தாக்கும். அதையே திரும்பத் திரும்ப அடித்தால், அதற்கு அசராத வகைதான் மிஞ்சிப் பெருகும். பல பயிர்களின் பூஞ்சைகளில் இது நடந்தாகிவிட்டது.

நாட்டு விதைக்கு வருகிறேன். அதன்மேல் எனக்கும் ஆசைதான். 2023இல் வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். ஆனால் இந்தப் பூஞ்சை விதையோடு பயணம் செய்யும். நாட்டு ரகம் என்பது விதையின் பூர்வீகம். அதில் ஒட்டிக்கொண்டு வருவதன் பூர்வீகம் யாருக்குத் தெரியும்? வேலூரிலிருந்து ஒரு பொட்டலம், திருநெல்வேலியிலிருந்து ஒன்று, பெருங்களத்தூர்ச் சந்திப்பில் கைமாறிய ஒன்று. மூன்றையும் ஒரே மாடியில் விதைத்தால் மூன்று ஊர்ப் பூஞ்சையையும் நீங்களே கூட்டி வைத்து விருந்து போடுகிறீர்கள். இதைத்தான் "பாரம்பரியத்தைக் காக்கிறோம்" என்று படம் போட்டுப் பகிர்கிறீர்கள்.

பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயில்லாத செடியின் நல்ல காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள். 50 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்தால் விதை வெந்துவிடும். அழுகிய காயையும் காய்ந்த செடியையும் உரத்தொட்டியில் போடாதீர்கள், பூஞ்சை அதிலேயே தங்கும். கத்தரி வைத்த மண்ணில் அடுத்து கீரை போடுங்கள். தண்ணீரை இலைமேல் பீய்ச்சாமல் வேரில் ஊற்றுங்கள்.

விதை உறைமேல் எந்த ஊர், எந்த மாதம், அந்தச் செடியில் அழுகல் இருந்ததா என்று எழுதிக் கொடுங்கள். அழுகிய காயைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறவர்களும் அந்த மூன்றையும் சேர்த்து அனுப்பவும். "என்ன மருந்து டீச்சர்?" என்று மட்டும் வந்தால் பதில் போடமாட்டேன்.