குழாய் மட்டும் போதுமா?
காற்று கசிந்து நுரையீரல் சுருங்கினால் நெஞ்சில் குழாய் போட்டாலே போதும், கேமரா அறுவை பணம் பறிக்கும் வித்தை என்கிறார் நண்பர். முதல் முறை என்றால் பெரும்பாலும் சரிதான். சிலருக்குக் குழாயே வேண்டியதில்லை. ஆனால் குழாய் கசிந்த காற்றை மட்டுமே வெளியேற்றும். நுரையீரல் உச்சியில் வெடித்த கொப்புளம் அங்கேயே இருக்கும். மறுபடி வெடித்தால்? அப்போது அறுவைதான் வழி.

திருப்புட்குழியில் தறியில் உட்காரும் இளைஞருக்கு நெஞ்சைத் திறந்தால் தசையை அறுத்து விலா எலும்புகளை விரிக்க வேண்டும். நாடா ஓட்டும் தோள் எத்தனை நாள் வலிக்கும்! கேமரா முறையில் இரண்டு மூன்று சிறு துளைகள்தான். கொப்புளத்தை ஸ்டேப்ளரால் வெட்டியெடுத்து, நெஞ்சின் உட்சுவரைச் சுரண்டி நுரையீரலை அதோடு ஒட்டவைப்பார்கள். திறந்த அறுவையைவிட நோய் திரும்பும் வாய்ப்பு இதில் சற்றுக் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். இது புது வித்தையும் அல்ல: ஸ்டாக்ஹோம் மருத்துவர் யாக்கோபேயஸ் 1910இலேயே நெஞ்சுக்குள் குழல்விட்டுப் பார்த்தவர். கட்டணம்தான் உறுத்துகிறதென்றால், அரசு மருத்துவமனைகளில் இதைப் பெருக்கச் சொல்லி நண்பர் எழுதட்டும், நானும் கையெழுத்திடுகிறேன்.